எஸ்தரின் பெயரை நான் விடவில்லை

எஸ்தர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பறை ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு. மடியில் ஒரு நோட்டு. கையில் அவள் அப்பாவின் போன். கீறல் விழுந்த கண்ணாடிக்கு மேலே செல்லோ டேப் ஒட்டிய அந்தப் போனை எனக்கு நன்றாகத் தெரியும்.

திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமம் அது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வாயெல்லாம் செம்மண் தூசியோடு நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"குட்மார்னிங் மிஸ். நேத்து குடுத்த கணக்கு போட்டுட்டேன் மிஸ். விடை அம்பத்தாறு. சரியா மிஸ்?"

விரலை எடுத்தாள். என் கைப்பையில் இருந்த போன் 'டிங்' என்றது.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, எழுந்து ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு உள்ளே முப்பது பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளை வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே உட்கார வைத்தது நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். முப்பது வருஷ வாத்தியார் வேலையில் நான் செய்ததை எல்லாம் இந்தப் பத்தியில் வாராவாரம் பெருமையாக எழுதிவிட்டு இதை மட்டும் மறைத்தால், என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

இரண்டு பேர், ஐந்து வகுப்பு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். பெரிய ஏரியைத் தாண்டி, நெல் வயலும் கல்லாங்குத்துத் தரிசும் மாறி மாறி வரும் ஊர். அங்கே ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. நான் ஹெச்.எம். என்னோடு கல்பனா டீச்சர். ஐந்து வகுப்புக்கும் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அது என்ன பிழைப்பு என்று. இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' சொல்லிக்கொடுக்கும்போதே அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு அடித்துக்கொள்ளும். ஒருத்தர் லீவு போட்டால் இன்னொருத்தர் செத்தார். கல்பனா வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆனாலும் ஒன்பது மணிக்கு முன்னால் வந்து, கூட்டுகிற அம்மா வராத நாளில் துடைப்பத்தைத் தானே எடுத்துவிடுவாள்.

பிள்ளைகளில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். எஸ்தரின் அப்பா தாவீது, அம்மா சரளா. நடவு, களை, அறுப்பு என்று ஊரில் வேலை இருக்கிறவரை இருப்பார்கள். பொங்கல் முடிந்தால் செங்கல் சூளைக்குக் கல்லறுக்கக் கிளம்பிவிடுவார்கள். மழை வந்தால்தான் திரும்புவார்கள். மற்ற வருஷமெல்லாம் எஸ்தரை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் அத்தைக்கு ஆபரேஷன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பீரோவில் தூங்கிய பெட்டிகள்

கொஞ்சம் ஒதுங்கிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் ஒரு ரேடியோ இருந்தது. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி கேட்க வைப்பதற்காகக் கொடுத்தது. எங்கள் ஹெச்.எம். அதில் கிரிக்கெட் கேட்பார். நாங்கள் கதவிடுக்கில் நின்று அவர் முகத்தைப் பார்த்து ஸ்கோரைத் தெரிந்துகொள்வோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு டி.வி. வந்தது. அது பீரோவுக்குள் போனது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதன் மேல் பூப்போட்ட துணி போர்த்தி, வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம் வைத்தார்கள். "பசங்க தொட்டா கெட்டுப்போயிடும்மா, யார் பதில் சொல்றது?" என்பார் அப்போதைய ஹெச்.எம். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஜாதி கிடையாது. "தொடாம வச்சிருந்தாலும் கெட்டுத்தான் சார் போகும்" என்றேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

எனக்குச் சாமான்கள் மேல் எப்போதும் கோபம் வந்ததில்லை. பூட்டி வைக்கிறவர்கள் மேல்தான் கோபம். நான் ஹெச்.எம். ஆன அன்றைக்கு முதல் வேலையாக பீரோ சாவியைக் கல்பனாவிடம் கொடுத்து, "இனிமே இத பூட்டக் கூடாது" என்றேன். ஸ்மார்ட் போர்டு வந்ததும் முதல் நாளே ஒன்றாம் வகுப்பை விட்டுக் கிறுக்கச் சொன்னேன். புத்தகத்தில் இருக்கிற கியூஆர் கட்டத்தைப் பிள்ளைகளே ஸ்கேன் பண்ணட்டும் என்று என் போனையே கொடுத்துவிடுவேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பூட்டி வைக்கிற ஆள் இல்லை என்று எனக்கு ரொம்பத் திமிர் இருந்தது.

ஒரு நிமிஷப் பாடம்

எஸ்தர் சூளைக்குப் போன மூன்றாம் நாள் தாவீதுக்குப் போன் பண்ணினேன். "பொண்ணு படிப்பு வுட்டுப்போச்சே மிஸ், அத நெனச்சாத்தான் பேஜாரா கீது" என்றார். அன்று மாலையே ஆரம்பித்துவிட்டேன்.

முறை இதுதான். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. ஒரு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். முதல் வார்த்தை பிள்ளையின் பெயர். கடைசியில் கையால் செய்கிற மாதிரி ஒரு வேலை. அதைச் செய்துவிட்டு அவள் எனக்குக் குரலில் பதில் சொல்ல வேண்டும்.

"எஸ்தர், கல்லு காய வச்சிருக்கற இடத்துக்குப் போ. ஒரு வரிசையில எத்தனை கல்லு? அந்த மாதிரி எட்டு வரிசை இருந்தா மொத்தம் எத்தனை? எண்ணாம சொல்லணும்."

மறுநாள் பத்தரை மணிக்குப் பதில் வரும். விடியலுக்கு முன்பே கல்லறுக்கப் போகிற அப்பாவும் அம்மாவும் பத்து மணிக்குத் திரும்பி வந்து படுப்பார்கள். அதற்குப் பிறகுதான் போன் அவள் கைக்கு வரும்.

"மிஸ், இங்க வரிசை நேரா இல்ல மிஸ். ஓரத்துல ரெண்டு ஒடஞ்சி கீது. அத சேத்துக்கணுமா வேணாவா?"

என்ன அருமையான கேள்வி! அதை வைத்து மூன்று நாள் பாடம் நடத்தினேன். பெருக்கிக் கழிப்பது, அரைக் கல், கால் கல், பின்னம் எல்லாம் அந்த உடைந்த கல்லிலேயே வந்துவிட்டது. தமிழ்ப் பாடத்தில் அவள் சூளைப் புகையைப் பற்றி ஐந்து வரி சொந்தமாகச் சொன்னாள். அதை எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இதைப் படிக்கிற டீச்சர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். முறை நல்ல முறைதான். அதை வைத்து நான் என்ன செய்தேன் என்பதில்தான் கோளாறு.

ஒரு நம்பர்

பிள்ளை ஒன்றுக்கு ஒரு நம்பர் உண்டு. கம்ப்யூட்டரில் அந்த நம்பர் ஒரு நேரத்தில் ஒரு பள்ளியில்தான் இருக்க முடியும். பிள்ளை ஊர் மாறினால் பழைய பள்ளி ஹெச்.எம். அந்த நம்பரை விடுவித்து, காமன் பூல் என்கிற பொதுத் தொகுப்பில் போட வேண்டும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு பட்டனை அழுத்துகிற வேலை.

அந்தப் பட்டனை அழுத்த எங்கள் யாருக்கும் கை வராது. ஏனென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வாத்தியார் எண்ணிக்கையை முடிவு பண்ணுவார்கள். அந்த வருஷம் எங்கள் பள்ளி விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. ஒரே ஒரு பேர் போனால் கல்பனாவின் இடம் போய்விடும். பணி நிரவல் என்று எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

எஸ்தர் போன இரண்டாவது வாரம் சரளா போன் பண்ணினாள்.

"மிஸ்ஸு, இங்க பக்கத்துலயே ஒரு ஸ்கூலு கீது. சேத்துக்கறேன்றாரு சாரு. அங்கேந்து பேர எட்துடணுமாமே?"

"எதுக்கும்மா அதெல்லாம்? இன்னும் நாலு மாசத்துல வந்துடப் போறீங்க. நான்தான் தினம் பாடம் அனுப்பறேன் இல்ல? பேரு இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"சரி மிஸ்ஸு. நீங்க சொன்னா சரிதான்."

அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பள்ளியிலிருந்து கோரிக்கை வந்தது. பார்த்தேன், மூடினேன். பத்து நாள் கழித்து இன்னொரு தரம். அதையும் மூடினேன். மூன்றாவது முறை வந்தபோது கல்பனா பக்கத்தில் இருந்தாள். "அக்கா, எஸ்தருக்கு ஏதோ வந்திருக்கு போல" என்றாள். "தெரியும், நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. யாருக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். காலையில் வருகைப்பதிவு ஆப்பில் எஸ்தர் பெயர் வரும். நான் 'வந்திருக்கிறாள்' என்று போட்டேன். தினமும். குரல் வருகிறதே, பாடம் நடக்கிறதே, வந்த மாதிரிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்பு என்று தெரிந்தே செய்தேன்.

கைதட்டல்

மாசி மாதம் உத்திரமேரூரில் குறுவள மையக் கூட்டம். சுற்று வட்டாரத்து டீச்சர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும் குடவோலையைப் பற்றி ஒருத்தர் பத்து நிமிஷம் பேசாமல் ஆரம்பிக்காது. அன்றும் பேசினார். அதன் பிறகு 'புதுமைக் கற்பித்தல்' என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

ஸ்பீக்கரில் எஸ்தரின் குரலைப் போட்டேன். உடைந்த கல் கேள்வி, பின்னக் கணக்கு, புகையைப் பற்றிய ஐந்து வரி. முன்வரிசையில் ஒரு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு சார் கேட்டார். "மேடம், பின்னாடி பசங்க வாய்ப்பாடு சொல்ற மாதிரி சத்தம் கேக்குதே?"

எனக்கும் அது கேட்டிருந்தது. எல்லாப் பதிவிலும் கேட்டிருந்தது. "சூளையில மத்த பசங்களும் இருக்காங்க சார். எஸ்தர பாத்து அவங்களும் படிக்க ஆரம்பிச்சிட்டாங்க போல" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. அதற்குத்தான் பலத்த கைதட்டல்.

கூட்டம் முடிந்ததும் அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். "நேரா போய் அந்தப் பொண்ண ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க மேடம். மாவட்ட அளவுல போட்டுக் காட்டலாம்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் இல்லை. கோயில் திருவிழாவுக்காக எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை ஒன்று வந்தது. ஸ்கெட்ச் பேனா ஒரு டப்பா, நான்கு நோட்டு, வீடியோ எடுப்பதற்கு ஒரு செல்பி குச்சி எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நமக்கு லீவு, திருவள்ளூர் பக்கம் பள்ளிக்கூடம் நடக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எஸ்தருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்தால்தானே யோசிப்பதற்கு?

ஜன்னலுக்குக் கீழே

"இங்க ஏன்டி உக்காந்திருக்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே விகாரமாகக் கேட்டது.

"உள்ள என் பேரு இல்ல மிஸ்" என்றாள், சாதாரணமாக. மழை வரவில்லை என்று சொல்கிற மாதிரி. "சாரு நல்லவரு மிஸ். மொத உள்ளதான் உக்கார வச்சாரு. அப்பறம் ஒரு ஆபீசர் வந்து எண்ணிப் பாத்து, பேரு இல்லாத பொண்ணு எப்டி உள்ள வந்துச்சுன்னு சாரைத் திட்டிட்டாங்க. அதான் நானே இங்க வந்து உக்காந்துக்கறேன். இங்க நல்லா கேக்கும் மிஸ்."

"சாப்பாடு?"

"மீந்தா சமையல் அக்கா குடுப்பாங்க மிஸ்."

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல மிஸ். பாடம்லாம் புரியுது. இங்கயும் கேக்கறேன், நீங்க வேற அனுப்பறீங்க. இன்னா, பக்கத்துல யாரும் இல்ல, அதான் ஒரு மாதிரியா கீது."

ஒரு பத்து வயதுப் பிள்ளை என்னைத் தேற்றுகிறது! பாவி நான், செல்பி குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பைக்குள் திணித்தேன். உள்ளே போக மறுத்துப் பாதி வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

அந்தப் பள்ளி ஹெச்.எம். வெளியே வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"மூணு தடவ கேட்டேன் மேடம்" என்றார். "போனும் பண்ணேன். நீங்க எடுக்கல. சீனியர் நீங்க, ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன். நானாவது துணிஞ்சி உள்ள உக்கார வச்சிருக்கணும். ஒரு மெமோவுக்குப் பயந்துட்டேன்."

புது நம்பர் எதையும் நான் எடுப்பதில்லை. லோன் வேணுமா என்று கேட்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே கட் பண்ணுவேன். அதில் ஒன்று இவருடையது.

நான் தேடி வந்து இறங்கிய சூளை, பள்ளிக்கு எதிர்ச்சாரியில்தான் இருந்தது. ரோட்டைக் கடந்தால் வந்துவிடும். யாரோ போய்ச் சொல்லி, தூக்கத்திலிருந்து எழுந்த கண்ணோடு சரளா வந்தாள். கையெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, கும்பிட்ட கையைக் கீழே இறக்கினாள்.

"நீங்க சொன்னீங்க, பேரு அங்கயே இருக்கட்டும்னு. நாங்க இருந்துட்டோம்" என்றாள். "படிச்சவங்க நீங்க. நல்லதுக்குத்தான் சொல்வீங்கன்னு இவ அப்பா சொல்ச்சி. தெனம் இவ இங்க வந்து செவுத்தாண்ட உக்காந்துகினு கீறா. நான் வேலைலேந்து வரச்சொல்லோ பாப்பேன். வயிறு எரியும். உங்ககிட்ட இன்னொரு வாட்டி கேக்கலாம்னு போன எடுப்பேன். டீச்சருக்குக் கோவம் வந்து பாடம் அனுப்பறதையும் நிறுத்திட்டாங்கன்னா இன்னா பண்றதுன்னு வச்சிடுவேன்."

எனக்குக் கோபம் வரும் என்று பயந்திருக்கிறாள். என் கோபம் அவ்வளவு பிரசித்தம். தப்பைத் தட்டிக் கேட்கிறவள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட அதே கோபம்.

"தப்பு என் மேலதாம்மா" என்றேன்.

பட்டன்

அங்கேயே, அந்த வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு போனில் திறந்தேன். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. எஸ்தரின் போட்டோ வந்தது. ஒன்றாம் வகுப்பில் நானே எடுத்த போட்டோ. இரட்டைச் சடை, பல் இல்லாத சிரிப்பு.

விடுவிக்கும் காரணம் என்ன என்று கேட்டது. பட்டியல் வந்தது. குடும்பம் இடம் பெயர்ந்தது, வேறு பள்ளிக்கு மாற்றம், இப்படி வரிசையாக. டீச்சர் பிடித்து வைத்திருந்தார் என்று ஒன்று அதில் இல்லை. இருந்ததில் ஒன்றைத் தொட்டேன். அழுத்தினேன்.

ஹெச்.எம். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தார். "வந்துடுச்சி மேடம்" என்று குரல் கொடுத்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் நானே கல்வி ஆபீசுக்குப் போய், வருகைப்பதிவில் பொய்யாகப் போட்டதை எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். வீடியோ எங்கே என்று அதிகாரி கேட்டபோது எடுக்கவில்லை என்றேன், ஏன் என்றும் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னை எந்தக் கூட்டத்திலும் பேசக் கூப்பிடவில்லை.

கல்பனாவின் இடம் போனது. பணி நிரவலில் திருமுக்கூடல் தாண்டி ஒரு பள்ளிக்குப் போட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். கடைசி நாள் எப்போதும் போலக் கூட்டிப் பெருக்கிவிட்டு, பீரோ சாவியை என் மேஜை மேல் வைத்தாள். "உன்னக் காப்பாத்தத்தான் அப்படி பண்ணேன் கல்பனா" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"எனக்காகன்னு சொல்லாதீங்கக்கா" என்றாள். "என்னக் கேட்டிருந்தா மொத நாளே விடச் சொல்லியிருப்பேன்."

ஆறு மாதம் ஐந்து வகுப்பையும் தனியாகப் பார்த்தேன். யார் மேலும் குறை சொல்ல முடியாத ஒரு கஷ்டம் அது.

குரல் பாடத்தை நிறுத்தவில்லை. இன்றைக்கும் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன். ஆனால் பிள்ளை ஊரைத் தாண்டுகிற அன்றே பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே இருக்கிற பள்ளிக்கு நானே போன் பண்ணிச் சேர்த்துவிட்டு, சேர்ந்துவிட்டாள் என்று காதால் கேட்ட பிறகுதான் முதல் பாடம் போகும்.

அன்று மதியம்

மறுபடியும் அந்த வேப்ப மரத்தடிக்கு வருகிறேன்.

ஹெச்.எம். வந்து, "வாம்மா எஸ்தர்" என்றார். அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள். போனை அம்மாவிடம் கொடுத்தாள். பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணை இரண்டு கையாலும் தட்டினாள். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றி மற்ற செருப்புகளோடு சேர்த்து வைத்தாள்.

உள்ளே இரண்டாவது வரிசையில் ஒரு பெண் சட்டென்று நகர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் நகர்ந்தது. எஸ்தர் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வலித்தது. இவ்வளவு நடந்த பிறகும், திரும்பிப் பார்க்க மாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது.

சரளா தூங்கப் போய்விட்டாள். எனக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. போய், ஜன்னலுக்குக் கீழே எஸ்தர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் தரையில் உட்காருவது பெரும்பாடு. சுவர் வெயிலில் கொதித்தது.

அவள் சொன்னது சரி. நன்றாகக் கேட்டது. வாத்தியாரின் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. சுண்ணாம்புக்கட்டி கரும்பலகையில் உரசுகிற சத்தமும் கேட்டது. என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. "இங்க பாருங்க" என்றார். எங்கே என்று தெரியவில்லை. "இதுவும் இதுவும் சேர்ந்தா?" என்றார். எதுவும் எதுவும் என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக, தினமும் ஒரு நிமிஷம், நானும் இவளுக்கு இதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே யாரோ என்னவோ செய்திருக்க வேண்டும். வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் எஸ்தரின் சிரிப்பும் இருந்தது. தனியாகத் தெரிந்தது.

எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.